கண்மாய்க் கணக்கைத் திறந்து வையுங்கள்!

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் ஒரு நல்ல காரியம் செய்தது. தன் எல்லைக்குள் கோயில் சுவர்களிலும் பாறைகளிலும் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடத்தை அரச வம்ச வாரியாகத் தொகுத்து அச்சிட்டது. நில விற்பனை, வரி, குளம், மடை என்று அன்றைய நிர்வாகக் கணக்குகள் அத்தனையும் அதில் இருந்தன. அவற்றைப் படித்து யார் என்ன எழுதப்போகிறார்கள் என்று சமஸ்தானம் கேட்கவில்லை. அந்தத் தொகுதியையும் இங்குள்ள பழைய இனாம் ஆவணங்களையும் ஆராய்ந்த அமெரிக்கர் நிக்கோலஸ் டர்க்ஸ், 1987இல் இந்தச் சிற்றரசைப் பற்றி ஒரு முக்கியமான நூலை வெளியிட்டார். பொதுத் தகவலைத் திறந்து வைத்தால், வெளியிட்டவர் நினைத்தே பார்க்காத பயனும் அதில் விளையும்.

இன்றைய புதுக்கோட்டைக்கு அப்படித் திறக்கவேண்டிய ஏடு, கண்மாய்க் கணக்குதான்.

மூன்று மேசைகள்

மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள், குளங்கள், ஏந்தல்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எல்லையும் புல எண்ணும் வருவாய்த் துறை. வெள்ளாற்றுப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் ஊர்க் கண்மாய்க்கு வரத்துவாய்க்கால் எந்தெந்த ஊர் வழியாக வருகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று அறிய மூன்று அலுவலகப் படியும் ஏறவேண்டும். இணையத்தில் புலப்படம் பார்க்கலாம். ஆனால், அது ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனிப் படம். ஊர் தாண்டி ஓடும் வாய்க்காலை அப்படித் துண்டு துண்டாகப் பார்த்து என்ன பயன்?

வேண்டியது ஒரே அட்டவணை. கண்மாயின் பெயர், வருவாய்க் கிராமம், புல எண், பரப்பு, ஆயக்கட்டு, மடை எத்தனை, கலுங்கு எத்தனை, கடைசியாகக் குடிமராமத்து நடந்த ஆண்டு, செலவான தொகை. ஒரு கண்மாய்க்கு ஒரு வரி. அதுவும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக வேண்டாம். கணினியில் கூட்டவும் வரிசைப்படுத்தவும் முடிகிற கோப்பாக, தமிழில் வேண்டும். அது கையில் இருந்தால், ஒரே கண்மாய்க்கு இரண்டு திட்டங்களில் பணம் எழுதியிருந்தாலும் கல்லூரி மாணவரே கண்டுபிடித்துவிடுவார்.

சட்டம் தடையில்லை

2012இல் மத்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில் திறந்த தரவுத் தளமும் வந்தது. 2017இல் வந்த உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டு யாரும், வணிகத்துக்கும்கூட, அந்தத் தரவைப் பயன்படுத்த அனுமதித்தது. கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. பட்டாதாரர் பெயரும் ஆதார் எண்ணும் தனிமனிதர் விவகாரம். அவற்றை மறைப்பதுதான் நியாயம். ஊர்ப் பொதுச் சொத்தான கண்மாயில் மறைக்க என்ன இருக்கிறது?

மத்திய ஜல்சக்தி அமைச்சகம் 2023இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகள் என்றது. மாநிலத் தொகை திட்டமிடுபவருக்கு உதவும். மடை பழுது பார்க்க ஊர்க் கணக்குதான் வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாளும்கூட. உங்கள் ஊர்க் கண்மாயின் அந்த ஒரு வரியைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால், மாவட்டம் முழுமைக்கும் வெளியிடக் கோரித் தீர்மானம் போடுங்கள்.