ஓட்டைப் படகும் ஒட்டு வேலையும்

மட்டக்குளி, முகத்துவாரக் கரைகளில் இழுத்துவிடப்பட்டுள்ள சிறு படகுகளிற் பல, கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்து உருவானவை. "பைபர் படகு" என்பது அவற்றின் வழக்குப் பெயர். இத்தொழில் இலங்கையில் வேரூன்றியதில் சீநோர் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 1956இல் நோர்வே சென்ற குருநகர் அந்தோனி ராஜேந்திரத்தின் முயற்சியால், 1960களின் பிற்பகுதியில் அது காரைநகரில் தோன்றியது. பின்னர் மட்டக்குளியிலும் படகுகளைக் கட்டியது.

மரப்படகிற் பலகை உடைந்தால் அதை மாற்றலாம். பைபர் படகின் உடலோ ஒரே ஓடு. அது வெடித்தால் வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்க்க இயலும். ஆயினும் வெடிப்பின்மேல் இழைத்துண்டொன்றை ஒட்டி, வர்ணம் பூசிவிடுவோர் பலர். பார்வைக்கு அது செம்மையாகவே இருக்கும். உள்ளே ஈரமும் உப்பும் தங்கியிருக்க, அலை ஓயாது அறைய, ஒட்டு ஒருநாள் கழன்றுவிடும். அது கழலும் இடம் கரையன்று, நடுக்கடல்!

முறையான வழி எது? முதலில் நாணயத்தால் தட்டிப் பார்த்தல் வேண்டும். உறுதியான இடம் கணீரென ஒலிக்கும். படைகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பழுதுற்ற பகுதி முழுவதையும் வெட்டியகற்றி, நன்னீராற் கழுவி, நன்கு உலரவிடுக. பின்னர் விளிம்பைச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். சரிவின் அகலம் ஓட்டின் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்காதல் நன்று. ஓடு 6 மில்லிமீற்றராயின் சரிவு 72 மில்லிமீற்றர். அதன்மேல் இழைப்பாயையும் நெய்த இழைத்துணியையும் பிசினில் நனைத்து, காற்றுக்குமிழ் நீக்கிப் படைபடையாக இடுதல் வேண்டும்.

இக்கணக்கின் காரணத்தை மாணவர்கள் எளிதில் உணரலாம். புதுப்பிசின் இறுகிப்போன பழைய ஓட்டுடன் கலந்து ஒன்றாவதில்லை. அதன் பரப்பைப் பற்றியே நிற்கிறது. பற்றும் பரப்பு அகன்றால் பாரமும் பகிரப்படும்.

பொலியெஸ்டர்ப் பிசின் ஒரு கிலோவுக்கு இறுகவைக்கும் ஊக்கி 10 முதல் 20 கிராம் வரை போதும். நமது வெப்பத்தில் அது விரைவில் இறுகுமாதலால் சிறிது சிறிதாகவே கலக்குக. ஊக்கி கண்ணிற் பட்டாற் பார்வையே போகக்கூடும். அதனை விரைவாக்கித் திரவத்துடன் நேரே கலந்தால் வெடிக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் இன்றியமையாதவை. நெருப்பு அண்டாத, காற்றோட்டமுள்ள இடமே தகுந்தது. சிறுவர் அருகில் வரலாகாது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டுப் படகுகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது அல்லது சேதப்படுத்தியது. அதன்பின் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட படகுகளுட் பல தரங்குறைந்தவை எனக் கண்டறியப்பட்டது. அவசரத்துக்கு ஈடுகொடுக்கும் தொழிலன்று இது. உலர்வதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டுமெனின் காத்திருத்தலே அறிவுடைமை. அப்படகை நம்பிக் கடலேறுபவர் ஒரு குடும்பத்தின் தலைவர் அல்லவா?