விழுந்த உடம்பை எழுப்பும் 'பிலாட்டீஸ்' பயிற்சி

இடுப்புப் பிடித்துக்கொண்டால் மூட்டை தூக்குகிறவருக்கு அன்றைய கூலி போகிறது. குமாஸ்தாவுக்கு லீவு கரைகிறது. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்து, நாலைந்து பேராக ஓர் அறையில் இருப்பவருக்கோ, பகலில் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் கிடையாது. ஆகவே, அடிபட்ட உடம்பை மறுபடியும் நடமாட வைப்பது எப்படி என்பது நம்மைப் போன்றவர்களுக்கு வயிற்றுப் பிழைப்பைத் தொட்ட விஷயம்.

இதற்கு உதவும் வழிகளில் ஒன்று 'பிலாட்டீஸ்' என்னும் தேகப் பயிற்சி. பெரிய நகரங்களில் கண்ணாடிக் கதவு போட்ட கூடங்களின் பெயர்ப்பலகைகளில் இந்தப் பெயரைப் பார்த்து, "இது பணக்காரர் சமாச்சாரம்" என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அது பிறந்த கதையே வேறு.

நோயாளிச் சிறுவன்

ஜோசப் பிலாட்டீஸ் 1883-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, எலும்பு வளைவு நோய், மூட்டுகளைத் தாக்கும் காய்ச்சல் என்று பல உபாதைகளுக்கு ஆளானவர். உடம்பைத் தேற்றிக்கொள்ளத் தாமே பலவகைப் பயிற்சிகளைக் கற்றார். முதல் உலக யுத்தம் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்ற காரணத்தால் அவரை முகாமில் அடைத்தார்கள். மேன் தீவிலிருந்த அந்த முகாமில், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களுக்காக அவர் கட்டில்களில் ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, படுத்தபடியே கை கால்களை அசைக்கப் பழக்கினார் என்று சொல்வார்கள். இன்று கூடங்களில் காணும் ஸ்பிரிங் வைத்த கருவிகளுக்கு அதுவே ஆரம்பம் என்பர்.

1926-ல் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் மனைவி கிளாராவுடன் ஒரு பயிற்சிக் கூடம் நடத்தினார். காலும் முதுகும் அடிபட்ட நாட்டியக் கலைஞர்கள் அங்கே வந்தார்கள். புகழ்பெற்ற நாட்டிய ஆசிரியர்களான ஜார்ஜ் பாலன்ஷின், மார்த்தா கிரஹாம் ஆகியோரும் அவரை நாடினர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கண்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. 1945-ல் வெளிவந்த அவருடைய நூலில் 34 பயிற்சிகள் உள்ளன. அவற்றுக்கு வேண்டியது ஒரு விரிப்பு மட்டுமே. 1967-ல் அவர் காலமானார்.

படுக்கையே மருந்தா?

முதுகு வலி என்றால் வாரக் கணக்கில் படுக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த எண்ணம் மாறிவிட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் முதுகு வலி கண்ட 186 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 1995-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்தனர். ஒரு பிரிவினர் முதுகுக்குப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர் தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தனர். சீக்கிரம் குணமடைந்தவர்கள் மூன்றாம் பிரிவினரே.

வலி கடுமையாக உள்ள முதல் சில நாட்களில் மெல்ல நடமாடுவதே போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பயிற்சியின் வேலை பிறகுதான் ஆரம்பிக்கிறது. முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள் வலியால் சோர்ந்து போகின்றன. வலி தணிந்த பின்னும் அவை தாமாகப் பழைய பலத்தைப் பெறுவது நிச்சயமில்லை. மறுபடி குனிந்து தூக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். அடிவயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகளை மூச்சோடு சேர்த்து நிதானமாக வேலை வாங்குவதே பிலாட்டீஸின் சாரம்.

இதை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. 10 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஒரு மருத்துவ மதிப்பீடு, நாட்பட்ட இடுப்பு வலிக்கு மிகக் குறைந்த அளவு சிகிச்சையோடு இருப்பதைவிடப் பிலாட்டீஸ் நல்லது என்றது. மற்றப் பயிற்சிகளைவிட மேலானது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும் கூறியது.

அறையிலேயே செய்யலாம்

மூச்சு: பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். விலாவின் இரு பக்கமும் விரியும்படி மூக்கால் மூச்சை இழுங்கள். விடும்போது அடிவயிற்றை லேசாக உள்ளே இழுங்கள்.

கால் நீட்டல்: அதே நிலையில், மூச்சை விட்டபடி ஒரு குதிகாலைத் தரையோடு தேய்த்து மெல்ல நீட்டி, திரும்ப மடக்குங்கள். இடுப்பு ஆடக் கூடாது. பிறகு மறு கால்.

பாலம்: பாதங்களை ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்கி, ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள்.

கையும் காலும்: கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கொண்டு, வலக் கையை முன்னாலும் இடக் காலைப் பின்னாலும் நீட்டுங்கள். முதுகு பலகை போல் இருக்கட்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை போதும். அவசரமாகச் செய்யும் ஐம்பதைவிட நிதானமாகச் செய்யும் ஐந்து மேல். தசை சற்று இழுப்பது சகஜம். சுரீர் என்று குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

பாயில் பழகியது வேலையிலும் கை கொடுக்க வேண்டும். மூட்டை தூக்கும்போது அதை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மேஜை வேலைக்காரர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடக்கலாம்.

யார் டாக்டரிடம் போக வேண்டும்?

கால் மரத்துப் போதல், கால் பலம் குறைதல், காய்ச்சலுடன் வலி, உயரத்திலிருந்து விழுந்த பின் வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நினைக்காமல் டாக்டரிடம் செல்லுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்பு முறிவோ ஆபரேஷனோ ஆனவர்கள் டாக்டர் அனுமதித்த பிறகே தொடங்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு; அங்கே ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வது நல்லது.

பணம் கட்டிச் சேருவோருக்கு ஒரு வார்த்தை. 'பிலாட்டீஸ்' என்ற பெயர் யாருக்கும் தனிச் சொத்தல்ல என்று 2000-ல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் பலகை மாட்டலாம். ஆகவே, கற்றுக் கொடுப்பவர் எங்கே பயின்றார், அடிபட்டவர்களைப் பழக்கிய அனுபவம் உண்டா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

முகாமில் அடைபட்டவர்களுக்குக் கட்டிலளவு இடத்திலேயே பயிற்சி நடந்தது. நாலு பேர் பங்கு போடும் அறையிலும் ஒரு பாய் விரிக்க இடம் உண்டு. காலையில் பத்து நிமிஷம் ஒதுக்குவது, இந்த உடம்பை நம்பி ஊரில் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் காரியமாகும்.