திரை இரண்டு பாதி, வேலை ஒன்று



எங்கள் வேதபாட வகுப்பின் மேசைக்கு முதன்முதலாக டேப்லெட் வந்த நாளில் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "வேதத்தக் கையில தூக்கிட்டு வர வெட்கமா உங்களுக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டேவிட்டார்கள். இன்று அதே பாட்டி எங்கள் அருகில் அமர்ந்து, "தமிழ் இருக்கிற பக்கத்தக் கொஞ்சம் பெரிசாக்கும்மா" என்கிறார்கள். அவர்கள் மனதை மாற்றியது திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதிதான்.

யாங்கோனில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பள்ளியில் படித்தது பர்மிய மொழி என்பதால், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆகவே திரையின் ஒரு பாதியில் தமிழ் வேதாகமத்தையும், மறு பாதியில் பர்மிய வேதாகமத்தையும் வைக்கிறோம். தமிழ்ப் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் 1715-ல் அச்சிட்டு முடித்தார். 1813-ல் இரங்கூன் வந்து இறங்கிய ஜட்சன் ஐயர், 1834-ல் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். அவ்விருவரின் உழைப்பும் இப்போது ஒரே கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இந்த எண்ணம் புதியதும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்னும் வேத அறிஞர், பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதி ஒப்பிட்டார். அவருடைய ஆறு பத்திக்கு முன் நம்முடைய இரண்டு பாதி சிறியதுதான்!

கருவிகளில் இந்த வசதி மெதுவாகத்தான் வந்தது. 2010-ல் வெளிவந்த முதல் ஐபேடில் ஒரு நேரத்தில் ஒரு செயலியைத்தான் திரையில் பார்க்க முடிந்தது. 2012-ல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் டேப்லெட்டில் திரையைப் பிரித்துக் காட்டியது. ஆப்பிள் 2015-லும், ஆண்ட்ராய்டு தன் 7-ஆம் பதிப்பில் 2016-லும் இதைக் கொண்டுவந்தன. "இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்றுதான் நாங்களும் நினைத்தோம். அதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் 2014-க்குப் பிறகுதான் சிம் கார்டு எல்லார் கைக்கும் எட்டியது. கணினியைத் தொடாமலே நேரே கைபேசிக்கு வந்தவர்கள் நம்மில் அநேகர். இரண்டு ஜன்னல்களை அருகருகே வைத்து வேலை செய்யும் பழக்கமே நமக்கு இல்லை. 2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, ஆசிரியர் ஒரு பாதியிலும் பாடக்குறிப்பு மறு பாதியிலும் வந்தார்கள். தேவை வந்ததும் வெறுப்பு போயிற்று.

ஆனால் செவிலியராகிய நாங்கள் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓர் இரவுப் பணி. காய்ச்சலோடு ஒரு சிறு பிள்ளை. டேப்லெட்டின் ஒரு பாதியில் எடைக்கேற்ற மருந்தளவு அட்டவணை. மறு பாதியில் குடும்பக் குழுவின் செய்திகள்: கல்யாணச் சேலைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கண் அங்கும் இங்கும் போய்வந்தது. திரும்பி வந்த கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. மருந்தை அளந்தும் ஆயிற்று. கொடுக்குமுன் சரிபார்க்க வந்த தங்கை, "அக்கா, பிள்ளையோட எடை எத்தன?" என்றாள். அந்தக் கேள்வியில் கை நின்றது. பிள்ளை ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று.

பிறகு ஓர் ஆய்வை வாசித்தோம். சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை ஆய்வாளர்கள் கூடவே நின்று கவனித்து, 2010-ல் வெளியிட்டது அது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழைகள் சுமார் 12 விழுக்காடு கூடின. அந்த இரவில் எங்களுக்குக் குறுக்கீடு வெளியிலிருந்து வரவில்லை. அதை நாங்களே திரையில் பாதி இடம் கொடுத்து அழைத்து வைத்திருந்தோம்.

திரையைப் பிரிப்பது குற்றமல்ல. தமிழும் பர்மியமும் அருகருகே நிற்கும்போது இரண்டு பாதியும் ஒரே வேலைக்கு உதவுகின்றன. அட்டவணையும் சேலைப் படமும் நின்றபோது இரண்டு பாதியும் மனதை இரண்டு பக்கம் இழுத்தன. மார்த்தாள் செய்த பணிவிடை நல்லதுதான். ஆனால் அநேக காரியங்களால் அவள் கலங்கினாள் என்றே ஆண்டவர் கண்டார்.

ஆகவே வாலிபரே, திரையைப் பிரிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இரண்டு பாதியும் ஒரே வேலைக்கா?" ஆம் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். இல்லை என்றால் ஒன்றை மூடுங்கள். படிக்கும்போதும் ஜெபிக்கும்போதும் அறிவிப்பு ஒலிகளை நிறுத்துங்கள். வீட்டில் பெரியவர்கள் பேச வந்தால் இரண்டு பாதியையும் மூடிவிடுங்கள்.

போன வாரம் வகுப்பின் நடுவே மின்சாரம் போயிற்று. டேப்லெட்டில் சார்ஜும் தீர்ந்தது. பாட்டி சிரித்துக்கொண்டே தம் பழைய வேதாகமத்தைத் திறந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர்கள் தமிழில் வாசிக்க, பேத்தி அதை வரிவரியாகப் பர்மிய மொழியில் சொன்னாள். அன்று எங்களுக்குத் திரையே தேவைப்படவில்லை.