கொல்லை வீட்டுக்குச் செயற்கைக்கோள் இணையம்: யாருக்குத் தேவை, எப்படி அமைப்பது?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டம் கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் கலந்த பகுதி. நெல், நிலக்கடலை, உளுந்து ஆகியவை இங்கு முக்கியப் பயிர்கள். மழை தவறினாலும் நட்டம். அறுவடை நேரத்தில் பெய்தாலும் நட்டம். ஆகவே மழை முன்னறிவிப்பும், சந்தை விலையும், பூச்சி நோய் பற்றிய யோசனையும் உரிய நாளில் கிடைப்பது இப்பகுதி விவசாயிகளுக்குப் பணத்துக்குச் சமம். இவை பெரும்பாலும் இப்போது இணையம் வழியாகவே வருகின்றன. ஆனால் ஊரை விட்டுத் தள்ளிக் கிணற்றடியில் வீடு கட்டிக் குடியிருப்போருக்குக் கம்பி இணைப்பு எட்டுவதில்லை. கைபேசிக் கோபுரத்தின் அலையும் சில இடங்களில் சரியாக எட்டுவதில்லை. இத்தகைய இடங்களுக்கு ஏற்றது செயற்கைக்கோள் இணையம். எனினும் இது எல்லா வீட்டுக்கும் தேவையான பொருள் அன்று. வாங்கும் முன் விவரம் அறிந்துகொள்வது நல்லது.

இது எவ்வாறு வேலை செய்கிறது?

வீட்டில் உள்ள தொலைக்காட்சிக் குடை வானிலிருந்து வருவதை வாங்க மட்டுமே செய்யும். கைபேசியில் இருக்கும் இடம் காட்டும் வசதியும் அப்படித்தான். அதற்குக் கட்டணம் இல்லை. செயற்கைக்கோள் இணையத்தின் குடையோ வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். நாம் கேட்பதைக் குடை மேலே அனுப்ப, செயற்கைக்கோள் அதை வாங்கித் தொலைவில் உள்ள தரை நிலையத்துக்குத் தருகிறது. பதிலும் அதே வழியில் திரும்பி வருகிறது. இடையில் கம்பமும் கம்பியும் உள்ளூர்க் கோபுரமும் இல்லை. இதன் பலம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

இரண்டு வகைகள்

முதல் வகையில் செயற்கைக்கோள் பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். குடையை ஒருமுறை சரியாகத் திருப்பி இறுக்கிவிட்டால் போதும். குறை என்னவெனில், கேள்வி மேலே போய்க் கீழே இறங்க, பதிலும் மேலே போய்க் கீழே இறங்க, மொத்தம் 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. இதற்கு ஏறத்தாழ அரை நொடி பிடிக்கும். முன்னறிவிப்பு பார்க்கவும் படம் பார்க்கவும் இது தடையில்லை. பேசும்போது மட்டும் எதிர்முனையின் பதில் சற்றுத் தாமதித்து வரும். இஸ்ரோவின் ஜிசாட்-11, ஜிசாட்-29 ஆகிய செயற்கைக்கோள்கள் 2018ல் ஏவப்பட்டன. இவற்றைக் கொண்டு ஹியூஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் அதிவேகச் செயற்கைக்கோள் இணையச் சேவையைத் தொடங்கியது. 2024 நவம்பரில் ஜிசாட்-என்2 செலுத்தப்பட்டது.

இரண்டாம் வகை தாழ்வாகப் பறப்பது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும், ஒன்வெப் செயற்கைக்கோள்கள் சுமார் 1,200 கிலோமீட்டர் உயரத்திலும் செல்கின்றன. தொலைவு குறைவு என்பதால் தாமதமும் குறைவு. ஆனால் ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் சில நிமிடங்களே இருக்கும். அது மறையும் முன் அடுத்தது பொறுப்பேற்க வேண்டும். ஆகவே நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இவை தேவைப்படுகின்றன.

பழைய அனுபவம்

செயற்கைக்கோள் நம் விவசாயிகளுக்குப் புதிது அன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக வேளாண்மை, சுகாதார நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. தமிழ்நாட்டில், 2004 அக்டோபர் 18ல் இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களில் கிராம வள மையங்களைத் தொடங்கின. அங்கு வந்த விவசாயிகளும் மீனவர்களும் வெளியூர் நிபுணர்களைத் திரையில் பார்த்துப் பேச முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் குடை இல்லை. ஊருக்கு ஒன்று இருந்தது. அது போதுமானதாக இருந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியவை

செயற்கைக்கோள் இணைப்பு பொதுவாகக் கம்பி இணைப்பைவிடச் செலவு கூடியது. ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் விசாரிக்க வேண்டும்.

1. ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழைக் கம்பி வந்துள்ளதா? தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பணி பாரத்நெட் திட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. வந்திருந்தால் அங்கிருந்து வீட்டுக்கு இணைப்புக் கிடைக்குமா என்று கேட்கவும்.

2. கைபேசி அலை வீட்டுக்குள் கிடைக்காவிட்டாலும் மாடியிலோ தண்ணீர்த் தொட்டியின் மேலோ கிடைக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் சிம் கார்டையும் போட்டுப் பார்க்கவும். அங்கே சிறு வெளிப்புற ஆன்டெனா வைத்து அலையை வீட்டுக்குள் கொண்டுவருவது மலிவு.

3. தேவை கேள்வி பதில் மட்டும்தான் என்றால் இணையமே வேண்டாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சாதாரணக் கைபேசியிலிருந்தே பேசலாம்.

4. பம்புசெட்டைக் கைபேசியால் இயக்கும் ஸ்டார்ட்டருக்கு, மோட்டார் கொட்டகையில் சிறிதளவு கைபேசி அலை இருந்தாலே போதும். இதற்காகச் செயற்கைக்கோள் இணைப்பு வாங்குவது வீண் செலவு.

இவை எதுவும் பயன்படாத இடத்தில்தான் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குடை வைக்கும் இடம்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், குளத்தூரிலிருந்து பார்க்கும்போது நிலையான செயற்கைக்கோள்கள் வானில் நல்ல உயரத்தில் உள்ளன. ஜிசாட்-11 ஏறக்குறைய தலைக்கு மேல், சற்றே தெற்கு-தென்மேற்காக இருக்கிறது. ஆகவே தொலைவில் உள்ள மரங்கள் இதனை மறைப்பதில்லை. குடையைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த தென்னை மூன்று, நான்கு மீட்டர் தள்ளி இருந்தாலே பொதுவாகப் போதும். ஜிசாட்-29 மேற்கில் சாய்ந்திருப்பதால் அதற்கு ஏழு, எட்டு மீட்டர் இடைவெளி வேண்டும். தாழ்வாகப் பறக்கும் வகைக்கோ வாய் அகன்ற புனல் போலச் சுற்றிலும் வானம் திறந்திருக்க வேண்டும். அதே தென்னை ஏறத்தாழ இருபது மீட்டர் தள்ளி இருப்பது நலம். தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டுக்கு இந்த வகை ஒத்துவராது. களத்துமேடு போன்ற வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும்.

கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் கூரை மேல் குடையை வைக்காமல், அருகில் கான்கிரீட் போட்டு இரும்புக் குழாய் நட்டு அதன் மேல் வைப்பது சிறந்தது. குழாய் அசைந்தால் இணைப்பு விட்டுப் போகும். மரக்கிளை ஆண்டுதோறும் வளரும் என்பதையும் மறக்கலாகாது.

மழையும் இடியும்

கனமழை பெய்யும்போது தொலைக்காட்சிப் படம் நின்றுபோவதைப் பலரும் பார்த்திருப்பர். மழைத்துளிகள் அலையை உறிஞ்சிக்கொள்வதே காரணம். இணையமும் அவ்வாறே நிற்கும். மழை குறைந்ததும் தானே திரும்பும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும் முன்பே அன்றைய முன்னறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மின்சாரத்தையும் குடையிலிருந்து வரும் கேபிளையும் கழற்றிவிடவும். குழாய்க்குத் தரை இணைப்பு, அதாவது எர்த், கட்டாயம் தேவை.

மின்சாரக் கணக்கு

கருவிகள் சராசரியாக 60 வாட் எடுப்பதாகக் கொள்வோம். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு அளிக்கப்படும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் போட்டால் சுமார் 22 யூனிட்தான். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைப்பது லாபம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாதியளவு பயன்படுத்தினாலும் சுமார் 12 மணி நேரம் இணைப்பை ஓட்டலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் என்றால் ஆறு நாட்கள் வரும்.

வெட்டவெளியில் பயன்பாடு

வீட்டில் வைக்கும் வைஃபை கருவியின் அலை திறந்த வெளியில் ஏறத்தாழ 50 மீட்டர் வரை நன்றாகக் கிடைக்கும். சுவரும் மரமும் இருந்தால் குறையும். கொல்லையின் மறுகோடி வரை வேண்டுமானால், மழை தாங்கும் வெளிப்புற வைஃபை கருவியை உயரமான குழாயில் வைத்து, சேரவேண்டிய இடத்தை நேராகப் பார்க்கும்படி திருப்ப வேண்டும். எனினும் பூச்சி தாக்கிய உளுந்துச் செடியைப் படமெடுக்க அலை தேவையில்லை. கொல்லையில் படமெடுத்து, வீட்டுக்கு வந்து வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் பகுதி வேளாண் அலுவலருக்கோ அனுப்பினால் போதும். இதற்கென்று கூடுதல் கருவி வாங்க வேண்டாம்.

புயல் நாட்களில்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் கைபேசிக் கோபுரங்களும் நின்றன. வெளியூரில் உள்ள பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. இத்தகைய நாளில், பேட்டரியுடன் கூடிய ஒரு செயற்கைக்கோள் இணைப்பு ஊருக்கே வாயாகவும் காதாகவும் இருக்கும்.

ஆனால் குடை காற்றுக்குத் தப்ப வேண்டும். தாழ்வாகப் பறக்கும் வகைக்கான சிறு குடையை முன்னறிவிப்பு வந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைத்து, புயல் ஓய்ந்தபின் மீண்டும் வைக்கலாம். அது தானே செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும். நிலையான வகையின் குடையைக் கழற்றினால் மீண்டும் திருப்பி அமைக்கத் தொழில்நுட்பப் பணியாளர் தேவைப்படலாம். அதைக் கழற்றி மாட்டும் முறையை ஊரில் ஒருவராவது முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும்.

கூட்டாக வாங்குவது மேல்

2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தபோது, புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பில் எச்சரிக்கை வந்தது. அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி மூலம் அது ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் பிழைத்தனர். செய்தி வந்தது ஒரு கம்பியில், காத்தது ஊரை.

ஆகவே சிறு விவசாயிகள் தனித்தனியே கடன்பட்டு வாங்குவதைவிட, கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழு ஆகியவற்றின் வழியாக ஊருக்கு ஓர் இணைப்பும், ஒரு பேட்டரியும், ஓர் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்வது சிறந்தது. அன்றாடம் உழவன் செயலியில் வரும் வானிலைத் தகவலையும் விலையையும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். வீட்டு இணைப்பைப் பிறருடன் பகிர நிறுவனத்தின் விதிமுறை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பொதுமக்களுக்கு வைஃபை வழங்க 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம்.வாணி திட்டத்தில், பொதுத் தரவு அலுவலகம் நடத்த உரிமக் கட்டணம் கிடையாது.

எச்சரிக்கை

அனுமதி பெறாத செயற்கைக்கோள் கருவிகளை நம் நாட்டில் வைத்திருப்பது குற்றமாகும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து ஊருக்கு வருவோர் இத்தகைய குடையையோ செயற்கைக்கோள் தொலைபேசியையோ வாங்கி வரலாகாது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு இந்திய அரசின் உரிமம் 2025 ஜூனில்தான் கிடைத்தது. உரிமம் கிடைத்தது வேறு, உங்கள் ஊரில் இணைப்புத் தருவது வேறு. முன்பணம் கேட்டு வரும் முகவர்களை நம்பி ஏமாறக் கூடாது. கருவியின் விலை, அமைக்கும் கூலி, மாதக் கட்டணம், மாதத்துக்கு எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற அளவு, பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்ற விவரம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டவும்.

கம்பியும் கோபுரமும் எட்டும் இடத்தில் அவற்றையே பயன்படுத்தவும். எட்டாத இடத்தில் கூட்டாகச் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்பைப் பெறவும். மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியிலேயே பேட்டரியையும் எர்த்தையும் சரிபார்த்து வைத்தால், தேவைப்படும் நாளில் இணைப்பு கைகொடுக்கும்.