ஐவிஎஃப் சிகிச்சை நடக்கும்போதே வளர்ப்புப் பெற்றோர் ஆகலாமா? சட்டம் சொல்வது என்ன?

உங்களுக்கு வீடு மட்டாஞ்சேரியில், ஐடி வேலை காக்கநாட்டில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஐவிஎஃப்பும் கைகூடவில்லை, அடுத்ததற்கு டாக்டர் தேதி குறித்துவிட்டார். இந்த இடைவெளியில் 'ஃபாஸ்டர் கேர் எடுத்தால் என்ன?' என்ற பேச்சு வீட்டில் வருகிறது. எடுக்கலாமா?

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். ஃபாஸ்டர் கேர் தத்து அல்ல. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 44-வது பிரிவுப்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையை உங்கள் வீட்டில் வளர அனுப்புகிறது, அவ்வளவுதான். சட்டப்படி அது உங்கள் வாரிசு ஆகாது. பெற்றவர்கள் இருந்தால், குழு தடுக்காதவரை வந்து பார்க்கலாம். நிலைமை சரியானால் குழந்தை அவர்களிடமே திரும்பவும் செய்யலாம்.

சிகிச்சை தடையா?

அந்தப் பிரிவு கருத்தரிப்பு சிகிச்சை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. குடும்பத்தின் திறன், நோக்கம், வசதி, குழந்தை வளர்த்த அனுபவம் ஆகியவைதான் அளவுகோல். இதில் சிக்கல் 'நோக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. கரு தங்கிவிட்டால் இந்தப் பையனை என்ன செய்வீங்க? வீட்டாய்வுக்கு வருபவர் கேட்கிறாரோ இல்லையோ, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இது. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த பிள்ளை அது. சிகிச்சையை மறைக்காதீங்க. பத்து பன்னிரண்டு நாள் ஊசி, நடுவில் ஸ்கேன், கருமுட்டை எடுப்பு, பிறகு ரத்தப் பரிசோதனை வரை இரண்டு வாரக் காத்திருப்பு என்று போகும் மாதத்தில் ஹோம்வொர்க் பார்க்க யார் இருப்பார்கள் என்பதும் பேச வேண்டியதே. குழு மாதாமாதம் ஆய்வு நடத்த வேண்டும் என்கிறது சட்டம். கவனிப்பு போதவில்லை என்றால் குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

கைக்குழந்தையை எதிர்பார்க்காதீங்க. மத்திய அரசின் 2024 மாதிரி வழிகாட்டுதல்கள் பேசுவது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி. தம்பதியின் வயதுக் கூட்டு குறைந்தது 70 இருக்க வேண்டும். உங்களுக்கு 33, துணைக்கு 35 என்றால் 68, இன்னும் காத்திருக்கணும். தனியாக வாழ்பவர்களும் 35 முதல் 60 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பது அப்போது வந்த மாற்றம்.

பலர் கவனிக்காத ஒரு முடிச்சு

இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு அதே குழந்தையைத் தத்தெடுக்க அந்த வழிகாட்டுதல் இடம் தருகிறது (முன்பு ஐந்து ஆண்டு). ஆனால் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ன்படி, ஏற்கெனவே பெற்ற அல்லது தத்தெடுத்த குழந்தை இருக்கும் தம்பதிக்குப் பொதுவாக வாடகைத்தாய் வழி இல்லை. கடுமையான மாற்றுத்திறன் அல்லது உயிருக்கு ஆபத்தான நோய் உள்ள குழந்தை என்றால் மட்டும் விலக்கு. அதாவது, வளர்க்கும்வரை அந்தக் கதவு திறந்திருக்கும், தத்தெடுத்தால் மூடும். ஐவிஎஃப்புக்கு இந்தத் தடை கிடையாது. அதில் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்ற வயது வரம்புதான்.

முழுநேரப் பொறுப்புக்கு இப்போது தெம்பு இல்லையா? கேரளத்தில் ஒரு நல்ல வழி இருக்கு. காப்பகப் பிள்ளைகள் கோடை விடுமுறையை மட்டும் ஒரு குடும்பத்தோடு கழிக்கும் திட்டத்தை மாநில மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. சிகிச்சைக்கு நடுவே இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விடுமுறை முடிந்தால் பிள்ளை திரும்பிப் போகும் என்று இரு தரப்புக்கும் முதல் நாளே தெரியும்.

பணம்? மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கொச்சியில் ட்யூஷனுக்கும் பஸ்ஸுக்குமே போய்விடும்.

இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் பிள்ளையின் படத்தைப் போடாதீங்க. அடையாளம் வெளியானால் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே வரலாம்.

விண்ணப்பிக்க எர்ணாகுளம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்க. கோடைத் திட்டத்தில் சேர நினைத்தால், பள்ளி ஆண்டுத் தேர்வுக்கு முன்பே விசாரித்துவிடுங்க. வீட்டாய்வு முடிந்த பிறகுதான் எந்தப் பிள்ளையும் உங்கள் வாசலுக்கு வரும்.