வாங்கிய பாகமா, செய்த பாகமா? ரோபோ போட்டி அணிகள் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் டீன் கேமன் ஸ்தாபித்த ‘ஃபர்ஸ்ட்’ நிறுவனம் 1992 முதல் நடத்திவரும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டியில் சேரும் அணிகள், மோட்டாரையும் சக்கரத்தையும் பற்றி விவாதிப்பதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கையேனும் விதிநூலைப் படிப்பதில் காட்டினால், பரிசோதனையின்போது நேரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இல்லாமற்போகும் என்பது என் அபிப்பிராயம். அங்கே எழும் தகராறுகளில் முக்கியமான ஒன்று, ஒரு பாகம் கடையில் வாங்கியதா, அணி செய்ததா என்பது.

ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அவ்வாண்டின் ஆட்டம் இன்னதென்று அறிவிக்கிறார்கள். அந்நாளுக்கு முன் அணி தயாரித்த பாகங்களை, பம்பர் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, அவ்வாண்டு ரோபோவில் பொருத்தலாகாது; மாற்றம் செய்யாமல் வாங்கியபடியே இருக்கும் பாகத்துக்கோ இந்தத் தடை இல்லை.

இரண்டு கியர்பாக்ஸ்களை ஓர் அணி அக்டோபரில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மற்றொன்றைப் பயிற்சிக்கென எடுத்து, தங்கள் சட்டத்தில் பொருந்துவதற்காகப் பக்கத்தகட்டில் இரண்டு துளைகள் இடுகிறார்கள். விலையும் ஒன்று, ரசீதும் ஒன்று. எனினும் ஜனவரியில் முதலாவது வாங்கிய பாகமாகவே நிற்க, இரண்டாவது அணி தயாரித்த பாகமாகிவிடுகிறது. அடையாளச் சீட்டு ஒட்டுவதால் இந்த மாறுதல் நேராது, துளையிட்டால் நேரும். விற்பனையாளரின் வரைபடத்தைப் பெற்று, அச்சு அசலாக அதே பொருளை அணியின் பட்டறையில் கடைந்தெடுத்தாலும் அது வாங்கிய பாகம் ஆகாது. கடுமையான விதிதான், ஆனால் பணம் செலுத்தியதையே அளவுகோலாகக் கொண்டால், ஆண்டு முழுவதும் பட்டறை நடத்த வசதியுள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் இடையே நியாயம் நிலைக்காது.

வரைபடங்களின் விஷயத்திலோ விதி எதிர்பாராத திசையில் தாராளம் காட்டுகிறது. அறிவிப்பு நாளுக்கு முன் யாவரும் காணும்படி வெளியான வடிவமைப்பையும் கணினி நிரலையும் எந்த அணியும் எடுத்தாளலாம். வெளியிடாமல் வைத்திருந்ததை, அதை ஆக்கியவர்களே ஆனாலும், பயன்படுத்தக் கூடாது. ஆகவே நவம்பரில் நல்லதொரு கியர்பாக்ஸை வடிவமைத்த மாணவர்கள் அதை ரகசியமாகப் பூட்டிவைப்பதால் நஷ்டம் அவர்களுக்கே. உலகறிய வெளியிட்டுவிட்டு, ஜனவரிக்குப் பின் புதிதாகச் செய்துகொள்வதே பரிகாரம்.

விலையிலும் ஓர் ஆபத்து உண்டு. அண்மைய ஆண்டுகளின் விதிப்படி தனியொரு பொருளின் சந்தை மதிப்பு 600 டாலரைத் தாண்டக் கூடாது. 900 டாலர் சென்சாரை ஒரு புரவலர் இனாமாகத் தந்தாலும் அதன் மதிப்பு 900 டாலரே. அணியினரின் சொந்த உழைப்பு கணக்கில் சேராது. வெளிப்பட்டறைக்குத் தந்த கூலி சேரும். பரிசோதகர் கேட்டால் மதிப்பை நிரூபிக்க வேண்டியது அணியின் பொறுப்பாதலால், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐயம் தோன்றினால், பருவகாலத்தில் திறந்திருக்கும் உத்தியோகபூர்வமான கேள்வி-பதில் ஏற்பாட்டில் கேட்க அணிக்கு உரிமை உண்டு. ‘எங்கள் ரோபோ செல்லுமா?’ என்று கேட்டால் தீர்ப்புக் கிடைக்காது. விதியின் எண்ணைச் சுட்டி, அதன் பொருள் என்ன என்று கேட்க வேண்டும். போட்டியன்று பரிசோதகரோடு கருத்து வேறுபட்டால், தலைமைப் பரிசோதகரிடம் முறையிடலாம். ரோபோவின் பாகங்கள் விதிக்கு உட்பட்டவையா என்பதில் முடிவு அவருடையது. பரிசோதனையில் தேறாத ரோபோ தகுதிச் சுற்றில் களமிறங்க இயலாது என்பதால், ஐயத்துக்குரிய பாகத்துக்கு மாற்றாக, துளையிடாத ஒன்றைப் பெட்டியோடு கொண்டுசெல்வது விவேகம். விதிநூல் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது; ‘சென்ற வருஷம் அனுமதித்தார்களே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.