நோயுற்ற கோழியை அறுக்கலாமா?

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்போர் பலர். கோழி நோயுற்றுத் தள்ளாடினால், செத்து ஹராமாகுமுன் அறுத்துவிட எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் ஆபத்தானது.

1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத் தொற்றியது. 6 பேர் மரணித்தனர். 2006இல் அயல்நாடான இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலக் கோழிப்பண்ணைகளிலும் அந்நோய் பரவியது. நன்கு வேகவைத்தால் கிருமி அழியும். ஆயினும் அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் அது கையிலும் மூச்சிலும் கலக்கும். பிஸ்மில்லாஹ் கூறி அறுப்பது இறைச்சியை ஹலாலாக்கும், நோயை நீக்காது.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். சிறுவரை விலக்கிவைத்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். கோழியை இழந்தாலும், அல்லாஹ் அமானிதமாகத் தந்த பிள்ளைகளைக் காத்துக்கொள்வோம்.